செருப்பைக் கழற்றி வைத்துக் காத்திருந்த அத்தை: சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ரங்கூனிலிருந்து மோல்மீனுக்கு நாம் போகும் தைப்பூசப் பயணத்தை இந்த ஆண்டு ரயிலிலிருந்து இரவுப் பேருந்துக்கு மாற்றினீர்கள். நேரம் மிச்சம், ரயில் குலுக்கலில் இடுப்பு வலி என்று காரணங்களைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டீர்கள். நேரம் மிச்சமானது உண்மைதான். அந்த நேரத்தில் விடியும்வரை மண்டபத்துப் பாயில் கொட்டாவி விட்டோம் என்பதும் உண்மை. அடுத்த ஆண்டு பழையபடி பகல் ரயிலில் போக வேண்டும். கேட்க வந்தது இது ஒன்றுதான்.

என் அத்தைக்கு வயது 78. பிறந்தது மோல்மீனுக்கு எதிர்க்கரையில் உள்ள மார்த்தபானில். சால்வீன் ஆற்றின் மேல் பாலம் வரும்வரை ரங்கூன் ரயில் அங்கேயே நின்றுவிடும். மூட்டை முடிச்சோடு படகேறித்தான் மோல்மீன் போக வேண்டும். அந்தப் படகுத்துறையில் சுமை தூக்கியவர் அத்தையின் அப்பா. அவருடைய அஸ்தியையும் அந்தத் துறையிலேயே கரைத்தார்கள். பாலம் வந்த பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை நம்மோடு ரயிலில் வரும்போது, மார்த்தபான் தாண்டி வண்டி பாலத்தில் ஏறியதும் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கைகூப்புவார். மூன்றரை கிலோமீட்டர் நீளப் பாலம்; வண்டியும் அவசரப்படாது. அப்பாவிடம் ஒரு வருஷத்துக் கணக்கைச் சொல்லி முடிக்க அது போதும்.

இந்த முறை கிடைத்தது திறக்காத கறுப்புக் கண்ணாடி, அதன்மேல் ஒரு திரை. முன்னால் டிவியில் யாரோ ஊட்டி ரயிலில் ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ரயிலைப் பார்த்தோம் என்று அதைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அத்தை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இருட்டைப் பார்த்தபடி வந்தார். "பாலம் வந்தா சொல்லுப்பா" என்று மூன்று தடவை சொன்னார். நானும் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தால் மோல்மீன் தெருவிளக்கு. அத்தை செருப்பைக் கழற்றிக் காலருகே ஜோடியாக வைத்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

செயலாளரிடம் சொன்னேன். "மோல்மீன்லயும் அதே ஆறுதானே, கரையில நின்னு கும்பிட்டுக்கச் சொல்லுங்க" என்றார். அதே ஆறுதான், ஐயா. துறை இருப்பது எதிர்க்கரையில்.

அத்தைக்காக மட்டும் கேட்கவில்லை. பெகுவில் தலையில் தட்டோடு ஏறும் பெண்களிடம் காடை முட்டை வாங்கித் தின்றபடி, அறுவடை முடிந்த வயல்களையும் சிட்டாங் ஆற்றையும் பார்த்துக்கொண்டு போவோமே, அது நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா? தட்டோன் பக்கம் ரப்பர் தோட்டங்கள், குன்றுக்குக் குன்று வெள்ளைப் பகோடா. வண்டி குலுக்கும், மறுக்கவில்லை. தண்ணீர் போத்தல் இருக்கையில் நிற்காது. ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் தூங்கிப் பழகின. இரண்டு கல்யாணமும் அந்தப் பெட்டியில் பேசி முடிந்ததுதான்.

ஆண்டு விழா மேடையில், ஜப்பான்காரன் போட்ட மரண ரயில்பாதையின் பர்மா முனையான தன்பியுசயாட் பற்றிப் பேசாத தலைவர் உண்டா? 1942-43இல் சயாம் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடக் கொண்டுவந்த மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டதைச் சொல்லி ஒலிபெருக்கி அதிரும், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். அதே ஊர்ப்பக்கம் ரயிலில் போகலாம் என்றால் மட்டும் இடுப்பு வலி வந்துவிடுகிறது. இப்போது எல்லாமே வேகம்தான். அபிஷேகம் வேகம், பந்தி வேகம், பொங்கல்கூடப் பெட்டியில் அடைத்துக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். சாமியையும் பார்சலில் அனுப்பிவிட்டால் பயணச் செலவே மிச்சம்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நீங்கள் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள், அது தெரியாதவனல்ல. போகும்போது மட்டுமாவது பகல் ரயிலில் போவோம். திரும்புவது பேருந்தில் என்றாலும் சம்மதம். டிக்கெட்டுக்கு விடியற்காலையில் போய் வரிசையில் நான் நிற்கிறேன். வயதானவர்களின் பைகளையும் நானே தூக்குகிறேன். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தைக்கு ஜன்னலோர இடம் ஒன்று எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
பயணப் பட்டியலில் ஆண்டுதோறும் பெயர் கொடுக்கும் ஓர் உறுப்பினன்
ரங்கூன்