டியூடர் வீடுகள்: இந்தத் தவணை நாம் படிக்கப்போவது

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். புதுத் தவணை தொடங்கிவிட்டது. நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பலர் வாரநாள் பள்ளியில் இப்போது டியூடர் காலத்தைப் படிக்கிறார்கள். நமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் இந்தத் தவணைப் பேச்சுக்கும் எழுத்துக்கும் அதையே பொருளாக எடுத்திருக்கிறோம். தமிழ்ப் பள்ளியில் இங்கிலாந்து ராஜா கதை எதற்கு என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அதனால் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராஜா கதைக்காக இதை எடுக்கவில்லை. டியூடர் வம்சம் 1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்டது என்பதும், எட்டாம் ஹென்றிக்கு ஆறு மனைவியர் என்பதும், அவர்களில் யார் யாருக்கு என்ன நடந்தது என்பதும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். சரி, அந்தக் காலத்தில் ஒரு தச்சரோ, ஒரு கையுறை செய்பவரோ எப்படிப்பட்ட வீட்டில் தூங்கினார், அவர் வீட்டுப் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. இந்தத் தவணை நாம் அரண்மனையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போகப்போகிறோம். இன்னொரு காரணமும் உண்டு. "இந்த நாட்டு வரலாறு எங்களுக்குத் தெரியாது, பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?" என்று உங்களில் பலர் தயங்குகிறீர்கள். வீடு என்று வந்தால் உங்களுக்கும் உங்கள் அம்மா அப்பாவுக்கும் நிறையவே தெரியும்.

சுவரிலிருந்து தொடங்கலாம். டியூடர் காலத்துச் சாதாரண வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்ட வீடுகள். ஓக் மரத்தை வெட்டியவுடன் பச்சையாகவே வேலைக்கு எடுத்தார்கள், காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது கஷ்டம் என்பதால். தச்சர் தன் பட்டறை முற்றத்திலேயே உத்தரங்களையும் தூண்களையும் அறுத்து, ஒன்றில் துளையும் மற்றதில் அந்தத் துளைக்குள் நுழையும் கழுந்தும் செதுக்கி, தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பார். பொருந்தியதும் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் அடையாளம் வெட்டுவார். ரோமன் எண்களைப் போன்ற நேர்க்கோடுகள் அவை. உளியால் நேர்க்கோடு வெட்டுவதுதானே சுலபம். பிறகு எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றி, வீடு கட்டும் இடத்தில் எண் பார்த்து நிறுத்தி, மர ஆணி அடித்து இறுக்குவார்கள். பச்சை மரம் வருடக்கணக்கில் காயும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். அந்த வீடுகள் பல இன்று கோணலாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் காலத்து வீடு ஒன்றுக்குள் போனால் உத்தரத்தின் ஓரத்தில் அந்த உளிக்கோடுகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஒருவர் தன் வேலைக்காகப் போட்டுக்கொண்ட குறிப்பு அது. கண்டுபிடித்த பிள்ளை அதை லேசில் மறக்காது.

சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை எப்படி அடைத்தார்கள்? செங்குத்தாகக் குச்சிகளை நட்டு, அவற்றின் ஊடாக ஹேசல் மரத்தின் வளையும் கிளைகளைப் பின்னி, இரண்டு பக்கமும் களிமண்ணை அப்பினார்கள். களிமண்ணில் நறுக்கிய வைக்கோலும் மாட்டுச் சாணமும் கலந்திருக்கும். காய்ந்ததும் மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். வரிச்சுக் கட்டி மண் அப்பிய வீட்டில் பிறந்து வளர்ந்த அம்மம்மாவோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் பிள்ளையை அனுப்புங்கள். மண்ணில் வைக்கோல் ஏன் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் சுவர் எப்படி வெடிக்கும், மழைக்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் கையால் செய்து அறிந்தவர். இந்த விஷயத்தில் பிள்ளையின் பாடநூலைவிட அவருக்கு அதிகம் தெரியும். அவர் அதைத் தமிழில் சொல்ல, பிள்ளை தமிழில் கேட்டு, திங்கட்கிழமை வகுப்பில் ஆங்கிலத்தில் சொல்லட்டும். தமிழ்ப் பள்ளியில் இது எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

பிள்ளைகள் வரையும் டியூடர் வீடு எப்போதும் கறுப்பு வெள்ளைதான். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பல இடங்களில் ஓக் மரத்துக்கு எதையும் பூசாமல் வெள்ளி சாம்பல் நிறத்துக்கு வெளுக்க விட்டார்கள். வேறு சில இடங்களில் மரத்துக்கும் சுவருக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்தார்கள், சிலவற்றில் காவியும் கலந்திருக்கும். பளிச்சென்ற கறுப்பு வெள்ளை மோகம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில், விக்டோரியா ராணி காலத்தில் வந்தது. ஆகவே உங்கள் பிள்ளை சாம்பல் நிறத்திலோ மஞ்சள் காவியிலோ ஒரு வீட்டை வரைந்தால் திருத்திவிடாதீர்கள்.

அந்தக் காலத்து வீட்டு வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றியது எது என்று என்னைக் கேட்டால், புகைபோக்கி என்பேன். அதற்கு முந்தைய வீட்டில் நடுக்கூடத்துத் தரையிலேயே நெருப்பு எரியும். கூடத்துக்கு மேலே மாடி கிடையாது, கூரை வரை திறந்த வெளி. புகை மேலே எழுந்து கூரை இடுக்குகள் வழியாக மெல்ல வெளியேறும். சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரிலுள்ள வீல்டு அண்ட் டவுன்லேண்டு அருங்காட்சியகத்தில் பேலீஃப் என்றொரு பண்ணை வீடு நிற்கிறது. கென்ட்டில் ஒரு நீர்த்தேக்கம் வந்தபோது அங்கிருந்து மரம் மரமாகக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய வீடு அது. கட்டியது 15ஆம் நூற்றாண்டில். உள்ளே 1540 வாக்கில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்திருக்குமோ அப்படி ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது, மரக் கம்பிகளும் அடைப்புப் பலகைகளும்தான். கூடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் புகைக்கு வழி கூரைதான் என்பது உடனே புரியும்.

புகைபோக்கி வந்ததும் புகை ஒரு செங்கல் குழாய்க்குள் அடங்கிவிட்டது. உடனே கூடத்துக்கு மேலே தளம் போட முடிந்தது. தளம் வந்ததும் மேலே அறைகள் வந்தன. எல்லாரும் ஒரே கூடத்தில் உண்டு, ஒரே கூடத்தில் உறங்கிய வீட்டில் மெல்லமெல்லத் தனியறை என்ற ஒன்று உண்டானது. எசெக்ஸில் ராட்வின்டர் என்ற ஊரில் வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் இருந்தார். தன் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் ஆயுளில் கண்ட பெரிய மாற்றங்களாகச் சொன்ன மூன்றை அவர் 1577இல் எழுதிவைத்தார். முதலாவது, பெருகிவிட்ட புகைபோக்கிகள். அவர்கள் சின்ன வயதில் பல ஊர்களில் இரண்டு மூன்று இருந்தாலே அதிகமாம். இரண்டாவது, படுக்கை. முன்பு வைக்கோல் பாயில் படுத்து, தலைக்கு ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்வார்களாம். தலையணை பிள்ளை பெற்ற பெண்களுக்கு மட்டும்தான் என்ற எண்ணம் இருந்ததாம். மூன்றாவது, மரத்தட்டு போய் வெள்ளீயத் தட்டு வந்தது. எந்தப் போரும் எந்தத் திருமணமும் இந்த மூன்றில் இல்லை. புகைபோக்கி, தலையணை, தட்டு, அவ்வளவுதான். வரலாறு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல பகுதி கிடைக்கவில்லை.

கண்ணாடி பணக்காரர்களின் பொருள். பெரிய தகடாகச் செய்ய முடியாததால் சின்னச் சின்னத் துண்டுகளை ஈயப் பட்டியில் கோத்தார்கள். செஷயரிலுள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் என்ற மாளிகையில், ஜன்னல்களைச் செய்த தச்சர் ரிச்சர்ட் டேல் தன் பெயரையும் 1559 என்ற ஆண்டையும் மரத்திலேயே பொறித்து வைத்திருக்கிறார். வீட்டு உரிமையாளர் பெயரும் அங்கே இருக்கிறது. ஆனாலும் வேலை செய்தவர் பெயர் நிலைத்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம் சாப்பாடு. ஏழைகளுக்கு அன்றாட உணவு, தானியமும் பட்டாணியும் கீரையும் போட்டுக் காய்ச்சிய கெட்டிக் கஞ்சி. கூடவே கோதுமையை ஒத்த தானியமான ரையும் பார்லியும் சேர்ந்த கறுப்பு ரொட்டி. வெள்ளை ரொட்டி வசதியானவர்களுக்கு. பிள்ளைகள் உட்பட எல்லாரும் குடித்தது போதை மிகக் குறைந்த ஒருவகை பியர். முள்கரண்டி மேசைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. கத்தி, கரண்டி, அப்புறம் கை. கையால் சாப்பிடுவதற்கு முறைகளும் இருந்தன, முதலில் கை கழுவ வேண்டும். பள்ளியில் கையால் சாப்பிட வெட்கப்படும் நம் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

நம் ஊர்ச் சரக்கும் அந்தச் சமையலறைகளில் இருந்தது. மலபார் மிளகும் இலங்கைக் கறுவாவும் பல கை மாறி லண்டன் வந்து சேர்ந்தன. போர்த்துக்கேயர் இலங்கையில் கால் வைத்தது 1505இல், அதாவது ஏழாம் ஹென்றியின் காலத்தில். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முதலாம் எலிசபெத் சாசனம் கொடுத்தது 1600 டிசம்பர் 31இல். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இந்த இரண்டு தேதிகளையும் உயர் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே நடத்துகிறேன்.

டியூடர் மக்கள் அழுக்கர்கள் என்று பிள்ளைகள் சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான், ஸ்ட்ராட்ஃபோர்ட்-அபான்-ஏவன் என்ற ஊரில் கையுறை செய்தவர். தெருவில் குப்பைமேடு வைத்ததற்காக 1552இல் அவருக்கு அபராதம் விதித்தார்கள். அப்படியானால் குப்பை போடக் கூடாது என்ற விதியும், அதைக் கவனிக்க ஆளும் இருந்திருக்கிறார்கள். 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலில் மாலுமிகளின் மரச் சீப்புகள் பல கிடைத்தன. சிலவற்றின் பல்லிடுக்கில் பேன்கூட அப்படியே இருந்தது. பேன் இருந்தது உண்மை, அதை வாரி எடுத்ததும் உண்மை. போர்ட்ஸ்மத்தில் அந்தக் கப்பலின் அருங்காட்சியகத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வேறு ஊர்களிலிருந்து வந்தவர்களும் அந்த இங்கிலாந்தில் இருந்தார்கள். ஏழாம், எட்டாம் ஹென்றிகளின் அரசவையில் எக்காளம் ஊதிய ஜான் பிளாங்க் ஒரு கறுப்பினத்தவர். 1511இல் நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் விழாவின் ஓவியச் சுருளில் குதிரை மேல் தலைப்பாகையோடு இருக்கிறார். நாளுக்கு 8 பென்னி போதாது, 16 வேண்டும் என்று அரசரிடம் மனுவும் போட்டவர். நம் பிள்ளைகள் அவர் படத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வகுப்புச் சுவரில் ஒட்டப்போகிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். இன்று நின்றுகொண்டிருப்பவை பெரும்பாலும் வசதியுள்ளவர்களின் வீடுகள். ஒற்றை அறைக் குடிசையில் இருந்த கூலியாட்களின் வீடுகள் ஏறக்குறைய எல்லாம் அழிந்துபோயின. அழகான மாளிகையைப் பார்த்துவிட்டு "அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் இருந்தார்கள்" என்று பிள்ளை சொன்னால், இந்த வீட்டைப் பெருக்கியவர் எங்கே தூங்கினார் என்று கேளுங்கள்.

இனி நடைமுறை விஷயங்கள். மே மாத அரைத்தவணை விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை, நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பேலீஃப் வீட்டைப் பார்க்கப் பேருந்தில் அழைத்துப் போகிறோம். தாத்தா, பாட்டிமாருக்கு இருக்கை ஒதுக்கியிருக்கிறோம், அவர்களைக் கட்டாயம் அனுப்புங்கள். அருங்காட்சியகம் திறந்த வெளியில் இருப்பதால் மழைச்சட்டையும் சேறு பட்டாலும் பரவாயில்லாத காலணியும் வேண்டும். மதியச் சாப்பாட்டில் கடலை, முந்திரி வேண்டாம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வர முடியாதவர்களுக்கு லண்டனிலேயே இடங்கள் உண்டு. பார்க்கிங்கில், அப்னி நிலையத்துக்குப் பக்கத்தில் ஈஸ்ட்பரி மேனர் ஹவுஸ் இருக்கிறது. எலிசபெத் காலத்துச் செங்கல் வீடு, கோபுரத்துக்குள் ஓக் சுழல்படிக்கட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. ஹாக்னியில் 1535இல் ரால்ஃப் சாட்லியர் கட்டிய சட்டன் ஹவுஸ் உண்டு. திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஹோபர்ன் பக்கம் போனால் ஸ்டேப்பிள் இன் என்ற டியூடர் காலத்து மரச்சட்டக் கட்டடத்தின் முகப்பைத் தெருவில் நின்றே பார்க்கலாம்.

பயணத்துக்கு அடுத்த சனிக்கிழமை பள்ளி முற்றத்தில் ஒரு சுவர்த் துண்டு கட்டப்போகிறோம். வளையும் கிளைகளும் மண்ணும் வைக்கோலும் பள்ளி வாங்கித் தரும், சாணம் சேர்க்கமாட்டோம். பழைய உடுப்பில் அனுப்புங்கள், மாற்றுடை ஒன்றும் பையில் இருக்கட்டும். மண்சுவர் வேலை தெரிந்த பெரியவர்கள் இருந்தால் அன்று காலை 10 மணிக்கு வந்து பிள்ளைகளுக்குக் கை கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வருபவர்கள் இந்த வார இறுதிக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். பயணத்துக்கான சம்மதப் படிவத்தையும் இந்த வார இறுதிக்குள்ளேயே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்