திரையைச் சந்தேகி, பிறகு நரம்பை

அன்புள்ள சேகர்,

கடிதமும் அலைப்படமும் கிடைத்தன. திரையில் கறுப்பு-வெள்ளைக் கட்டங்கள் (செக்கர்போர்டு) நிறம் மாறும்போது பின்மண்டையில் எழும் மின் பதிலைப் பிடித்தே விட்டாய், ரொம்ப சந்தோஷம். 100 மில்லிசெகண்டை ஒட்டி வரவேண்டிய முகடு 130-ல் நிற்கிறதே, பார்வை நரம்பில் கோளாறோ என்று கேட்டிருக்கிறாய். முதலில் திரையைச் சந்தேகி.

கட்டத்தை மாற்றச் சொல்லி கம்ப்யூட்டர் கட்டளையிடும் நேரமும், எல்சிடி திரையில் அது மாறும் நேரமும் ஒன்றல்ல. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமே 16.7 மில்லிசெகண்ட். மேலிருந்து கீழாக வரைவதால் நடுப்பகுதி மாற இன்னும் 8 மில்லிசெகண்ட் போகும். பார்வை நிலைக்கும் புள்ளிக்குப் பக்கத்தில், ஒரே கட்டத்துக்குள் அடங்கும்படி ஒரு போட்டோடயோடை (ஒளியை மின் சிக்னலாக்கும் சிறு உணரி) ஒட்டி, அதை இன்னொரு சேனலில் பதிவு செய். அதன் சிக்னல் ஒரு தடவை ஏறும், மறு தடவை இறங்கும். இரண்டையுமே பூஜ்ய நேரமாக எடு. ஏற்றத்தை மட்டும் எடுத்தால் பாதி ஸ்வீப் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் எடுக்கும் பதிவுத் துண்டு) வீணாகும்.

அடுத்தது வேகம். நொடிக்குச் சரியாக 2 மாற்றம் வைத்திருக்கிறாய். 500 மில்லிசெகண்டுக்குள் பதிவில் இரைச்சலாகக் கலக்கும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலை கச்சிதமாக 25 சுற்று முடித்துவிடும். அதனால் ஒவ்வொரு ஸ்வீப்பிலும் அதே இடத்தில் வந்து நிற்கும்; எத்தனை ஸ்வீப் சேர்த்தாலும் கரையாது. 1.9-க்கு மாற்று. சராசரி எடுப்பது தூண்டலோடு (கட்ட மாற்றத்தோடு) ஒட்டாத இரைச்சலை மட்டும்தான் குறைக்கும், அதுவும் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு: 100 ஸ்வீப்புக்குப் பத்து மடங்கு. தூண்டலோடு சேர்ந்தே வரும் எதுவும் உண்மை அலை போலவே நிற்கும். ஆகவே எல்லாவற்றையும் அப்படியே ஓடவிட்டு, திரையை மட்டும் அட்டையால் மறைத்து ஒருமுறை பதிவெடு. அப்போதும் அலை வந்தால் அது மூளையுடையதல்ல.

எலக்ட்ரோடை எங்கே வைத்தாய் என்று நீ எழுதவில்லை. கண்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டைப் புடைப்பு வரை அளந்து, அந்த நீளத்தில் 10 சதவீதம் புடைப்புக்கு மேலே. 35 செ.மீ. என்றால் மூன்றரை. எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை (இம்பிடன்ஸ்) 5 கிலோஓமுக்குக் கீழே இருக்கட்டும். தோலைத் தேய்க்காமல் ஜெல்லை மட்டும் கூட்டினால் அது இறங்காது. ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி கட்டத்தின் பக்கம் 1.75 செ.மீ. கண்ணாடி போடுபவர் போட்டே பார்க்கவேண்டும். மங்கலாகத் தெரிந்தால் முகடு சிறுத்து, தள்ளியும் போகும். ஒரு நேரத்தில் ஒரு கண்தான். லேப்டாப், ஆம்ப்ளிஃபயர் இரண்டும் பேட்டரியில் ஓடட்டும், சார்ஜரைக் கழற்றிவிடு. தலையில் ஒயர் இருக்கும்போது இதில் சமாதானமே கூடாது.

சராசரியை மட்டும் அனுப்பாதே. ஸ்வீப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதில் தனிப் பலன் உண்டு. மூளையின் மின் பதில்களை ஆராய்ந்த ஜார்ஜ் டாசன் 1947-ல் அப்படித்தான் பார்த்தார். கண் சிமிட்டிய ஸ்வீப் உடனே கண்ணில் படும். ஒரு கண்ணுக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு 64 ஸ்வீப்புக்குக் குறையாமல் எடுத்து, தனித்தனியாகவே அனுப்பு. போட்டோடயோடு சேனலும் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
ரகு