நாணயச் சேகரிப்போர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர் அவர்களுக்கும், நாகர்கோவில், தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாவது ஞாயிறு மாலையில் நடந்தன. ஐப்பசி மழையில் ஒன்று தள்ளிப்போனது. ஏலம் இருக்கிற மாதம் நாற்காலி போதவில்லை, ஏலம் இல்லாத மாதம் நாற்காலிதான் மிச்சம். இதற்கு மேல் வருகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த ஆண்டின் பெரிய நிகழ்ச்சி பள்ளிக்கூடத்தில் நடத்திய கண்காட்சி. விக்டோரியா ராணி, ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய்களைக் கண்ணாடிக்குள் வரிசையாக வைத்திருந்தோம். பிள்ளைகள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். கூட்டம் மொய்த்தது மூத்த உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த சக்கரப் பலகையைச் சுற்றித்தான். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சக்கரம் என்ற வெள்ளிக் காசு சட்டைப் பொத்தானை விடச் சிறியது, அரை கிராம்கூடத் தேறாது. அதை விரலால் எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் வரிசை வரிசையாகக் குழி வெட்டிய பலகையில் ஒரு கைப்பிடி சக்கரத்தைக் கொட்டிக் குலுக்குவார்கள். குழிக்கு ஒன்று உட்கார்ந்துகொள்ளும், மிச்சத்தைக் கையால் ஒதுக்கிவிட்டால் கணக்கு முடிந்தது. உண்மைச் சக்கரத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கப் பயந்து, அதே அளவில் தகரத்தில் வெட்டிக் கொடுத்தோம். ஒரு பையன் மதியச் சாப்பாட்டுக்கே போகவில்லை.

பக்கத்தில் ஒரு அட்டையில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்று எழுதி வைத்திருந்தோம். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரத்தில் கணக்கு வாத்தியாரே சற்று நின்று யோசித்தார்.

அன்று பெற்றோர் ஒருவர் தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த அரை ரூபாயுடன் வந்தார். அதில் 1116 என்று இருக்கிறது, தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய நாணயம், என்ன விலை போகும் என்று கேட்டார். அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. 825ஐக் கூட்டிக்கொண்டால் போதும், 1940-41இல் வந்துவிடும். சித்திரைத் திருநாள் மகாராஜா காலம். 1956 நவம்பர் 1 வரை நம் ஊர்கள் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், இந்தக் காசுகள் இன்னும் நம் வீடுகளில் மரப்பெட்டிக்குள் கிடக்கின்றன. விவரத்தைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

பழையது என்றால் விலை என்கிற எண்ணத்தை எப்படித்தான் போக்குவதோ தெரியவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கமான வி.ஓ.சி. முத்திரை போட்ட செப்புத் துட்டு 18ஆம் நூற்றாண்டுக்காரன். கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியதால் இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 'குளச்சல் போர்க் காசு' என்று கதை கட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் வென்ற அந்தப் போர் நடந்தது 1741இல், அதற்குப் பிந்தைய ஆண்டு பொறித்த காசுக்கும் அதே கதைதான். மறுபக்கம், 1939ஆம் ஆண்டு ஒரு ரூபாயைப் பாருங்கள். நூறு வயதுகூட ஆகவில்லை, ஆனால் கையில் சிக்காது. அதனால்தான் அதில் போலியும் அதிகம். எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் விலை சொல்ல முடியும்.

விலை பார்க்கும் நாளில் இதையெல்லாம் நேரிலேயே காட்ட முடிந்தது. வெள்ளி ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும், நன்றாகத் தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும். 1940இல் போர்க்கால நெருக்கடியில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள், அதற்கு முன் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. காந்தம் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் 1947 ரூபாய் நிக்கல், அது காந்தத்தில் ஒட்டும். ஒட்டியதும் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1911 ரூபாய் ஒன்றும் வந்தது. மன்னரின் அங்கியிலுள்ள யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்களே, அதே ரூபாய். அதை லென்சில் பார்க்க ஒரே தள்ளுமுள்ளு.

அன்றே மனம் நொந்த சம்பவமும் நடந்தது. ஒரு அம்மா கொண்டுவந்த செப்புச் சக்கரங்களில் சங்கும் எழுத்தும் தெளிவாக இருந்தன. ஆனால் நம்மிடம் காட்டுவதற்காக முந்தின நாள் ராத்திரி குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். காசு பளபளவென்று செங்கல் நிறத்தில் இருந்தது. லென்சில் மேற்பரப்பு முழுக்கக் கோடு கோடாகக் கீறல். நூறு வருடமாகப் படிந்த கருமைதான் அதன் மதிப்பு, அது போனால் திரும்பி வராது. புளி, எலுமிச்சை, பற்பசை, சாம்பல் எதுவும் வேண்டாம் என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லுங்கள். கடலோர உறுப்பினர்களுக்கு இன்னொன்று: உப்புக்காற்றோடு பி.வி.சி. உறையும் சேர்ந்தால் காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். ஆல்பத்தை மாற்றிவிடுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு வையுங்கள்.

அடுத்தது இணைய விளம்பரம். வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொன்னதை நம்பி, நம் உறுப்பினரின் உறவினர் ஒருவர் 'முன்பதிவு', 'வரி' என்று பணம் கட்டி ஏமாந்தார். அந்த நாணயம் 2012இல் வந்தது, ஏராளமாகப் புழங்குகிறது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது: பழைய நாணய விற்பனைக்கு அது கமிஷனும் கேட்பதில்லை, யாருக்கும் அதிகாரமும் கொடுக்கவில்லை. விற்கிறவனிடமே பணம் கேட்கிற வியாபாரம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

அஸ்திவாரம் தோண்டும்போது காசு கிடைத்தால் என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டார். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். சங்க ஏலத்துக்குக் கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்தாலும் வாங்க மாட்டோம்.

இளைய உறுப்பினர்கள் சில்லறையிலேயே தேடுகிறார்கள். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி என்றால் அடித்தது மும்பை நாணயச்சாலை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறி இல்லாவிட்டால் கொல்கத்தா. செலவில்லாத தொடக்கம். காமராஜர் நூற்றாண்டு 5 ரூபாய் மட்டும் ஏலத்தில் எப்போதும் சந்தை விலையைத் தாண்டுகிறது. நம் தொகுதி எம்.பி.யாக இருந்தவர், விட்டுக்கொடுப்போமா?

வரும் ஆண்டில், உறுப்பினர் வீடுகளிலுள்ள திருவிதாங்கூர் காசுகளை எடைபோட்டு, இருபுறமும் படமெடுத்து, எந்தக் குடும்பத்தில் எப்படி வந்தது என்ற விவரத்தோடு ஒரு பதிவேடு தயாரிக்க நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. இதற்கு நல்ல தராசு ஒன்று தேவை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் தராசை அடுத்த மாதமே வாங்கிவிடலாம். சாயா முடிந்ததும் ஏலம் தொடங்கும்.