அப்பப்பாவின் ஊரைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

எங்கள் அப்பப்பா திருகோணமலையில் மரக்காலைத் தொழிலாளி. முதிரை, பாலை மரங்களை அரிந்து ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். 1990 போர் இடப்பெயர்வில் பெட்டியோடு காகிதங்கள் எல்லாம் போய்விட்டன. அவருடைய தாய் தகப்பன் யார், எந்த ஊர் என்று கேட்டால், "யாழ்ப்பாணத்துப் பக்கமாக்கும்" என்பதுதான் வீட்டில் கிடைத்த பதில். இப்போது சரியான பதில் கையில் இருக்கிறது. அது பலர் கைபட்டு வந்தது என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பதிவறையில் இருக்கும் தங்கச்சிக்கு. பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதி எடுப்பது சுலபம். எங்களிடம் இருந்ததோ "புயலுக்கு முந்தி, புயலுக்குப் பிந்தி" என்ற கணக்கு. 1964 மார்கழிப் புயலைத்தான் சொல்கிறோம் என்று விளக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. அப்பாவின் பிறப்புப் பதிவு கிடைத்ததும், "மற்றப் பிள்ளைகளின்ர பதிவையும் எடுங்கோ அண்ணை, ஒவ்வொன்றிலும் தகப்பன்ர தொழில் இருக்கும்" என்றார்.

அப்படியே இருந்தது. பெரியப்பாவின் பதிவில் கூலி. அப்பாவின் பதிவில் மரம் அரிபவர். கடைசி மாமியின் பதிவில் இயந்திரம் இயக்குபவர். கிடங்கு வெட்டி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக இழுத்த வாளை விட்டு மோட்டார் வட்டவாளுக்கு வந்த கதையை அப்பப்பா எந்தப் பேரனுக்கும் சொன்னதில்லை. பிள்ளைகளின் பதிவுகள் சொல்லிவிட்டன.

மாமியின் பதிவை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னவர் ஓய்வுபெற்ற பதிவாளர் ஐயா. பிள்ளையின் பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயரும் பிறந்த இடமும் எழுதும் கூடு ஒன்று அதில் உண்டு. தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டுத்தான் 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளி மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. அதே மாதிரிக் கேள்விதான் எங்களுக்கு வழிகாட்டியது, என்ன செய்ய! அந்தக் கூட்டில் எங்கள் பூட்டனின் பெயர் இருந்தது. ஊர் கட்டைபறிச்சான். யாழ்ப்பாணம் இல்லை, கொட்டியாரக் குடாவுக்கு அக்கரைதான்.

ஊர் தெரிந்தது, அப்பப்பா பிறந்த ஆண்டு தெரிய வேண்டுமே. கொழும்பு நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் ஒரு சிங்கள உத்தியோகத்தர், எங்கள் அரைகுறைச் சிங்களத்தைப் பொறுத்துக்கொண்டு, அப்பப்பாவின் ஊழியர் சேமலாப நிதி (EPF) விபரத்தை எடுத்துத் தந்தார். அதில் அடையாள அட்டை இலக்கம் இருந்தது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. 1922 என்று வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் மூதூர்ப் பதிவறையில் அப்பப்பாவின் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்துத் தந்தார்கள். பூட்டியின் பெயரை முதல்முதலாக வாசித்தது அங்கேதான். இடையில் ஓரிடத்தில், "செத்த மனுசன்ர கடதாசி எதுக்கு?" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்களை விடுங்கள்.

கிண்ணியா நானாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அப்பப்பாவின் விவாகப் பதிவில் சாட்சிக் கையெழுத்து வைத்தவர் அவருடைய வாப்பா. இருவரும் ஒரே மரக்காலையில் வேலை செய்தவர்கள். முன்பின் தெரியாத எங்களை இருத்திச் சோறு போட்டு, வாப்பா வைத்திருந்த படத்தையும் பிரதி எடுக்கத் தந்தார். மரக்குற்றிகளுக்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டியபடி அப்பப்பா நிற்கிறார். எங்கள் வீட்டில் அவருடைய இளவயதுப் படம் ஒன்றுகூட இருக்கவில்லை.

பிரதிகளைப் பெரியப்பா வீட்டில் ஒரே கோப்பாக வைத்திருக்கிறோம். அந்தக் காலத்தில் மரக்காலைகளில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாரும் பார்க்க விரும்பினால் தாராளமாக வரலாம். பூட்டியின் பக்கத்து உறவுகள் இன்னும் கட்டைபறிச்சானில் இருந்தால் எங்களுக்கும் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
பேரப்பிள்ளைகள் சார்பில் மூத்த பேரன்,
திருகோணமலை