பத்துக் கல்லும் ஒரு குட்டி லேண்ட் ரோவரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருக்கும் தாமானின் (வீடமைப்புப் பகுதியின்) திடல் மூலையில் பத்துப் பன்னிரண்டு கற்கள் கிடந்தன. போன வாரம் லோரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. குப்பை கிடக்கிறது என்று யாரோ புகார் கொடுத்தார்களாம். கொடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பார்க்கிறவர் கண்ணுக்கு அது குப்பைதான். ஆனால் எட்டு மாதமாக ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் என் வீட்டில் மூன்று தலைமுறையும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது அந்தக் குப்பைக்காகத்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்றால், எங்களுக்கு ரிமோட் கார் பைத்தியம் பிடித்துவிட்டது. ரிமோட் கார் என்றதும் சர்ரென்று ஓடிப் போய்ச் சுவரில் முட்டுகிற பொம்மைதான் நினைவுக்கு வரும். இது வேறு ஜாதி. ராக் க்ராலர் என்கிறார்கள், பாறையில் ஊர்ந்து ஏறும் வண்டி. வேகத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள், தவழும் குழந்தை இதை முந்திவிடும். இரண்டடி உயரக் கல்குவியலைத் தாண்ட சில சமயம் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரமும் சுற்றி நிற்கிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள், அதுதான் இதில் இருக்கும் மாயம்.

நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறேன். கூட வேலை செய்யும் சீன நண்பர் வீடு மாறும்போது, "உன் பையனுக்குக் கொடு" என்று 380 வெள்ளிக்குத் (ரிங்கிட்) தன் பழைய வண்டியைத் தள்ளிவிட்டார். டிராக்சஸ் கம்பெனியின் டிஆர்எக்ஸ்-4எம், 2022-இல் வந்த மாடல், உண்மை வண்டியில் 18-இல் ஒரு பங்கு அளவு, நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். மேலே இருந்த கூடு லேண்ட் ரோவர் டிஃபெண்டர். அந்தக் கூடு மட்டும் வேறாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை, பையன் ஒரு வாரம் ஓட்டிவிட்டு அலமாரிக்கு மேலே போட்டிருப்பான்.

ஏனென்றால் என் அப்பா தோட்டத்தில் துரையின் லேண்ட் ரோவர் ஓட்டியவர். வயது 76. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு வந்தபிறகு அவர் பேசுவது வரவரக் குறைந்துகொண்டே போனது. பசியாறுவார், பேப்பர் படிப்பார் (உங்கள் பேப்பர்தான்), நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். பேரப்பிள்ளைகளோடு பேச அவருக்கு ஆசைதான், எதைப் பற்றிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. நான் வண்டியை மேசைமேல் வைத்த அன்று எழுந்து வந்தார், கையில் எடுத்தார், எல்லாரும் முகப்பைப் பார்க்க அவர் மட்டும் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைப் பார்த்தார். "லோ கியர் எங்க இருக்கு?" என்று கேட்டார். மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கும் கியர் அது. இதில் எப்போதுமே லோ கியர்தான் தாத்தா என்று மகள் சொன்னதும் ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை.

அவர் ஓட்டிய பழைய வண்டியில் மஞ்சள் குமிழ் ஒன்று, சிவப்புக் குமிழ் ஒன்று. மஞ்சளை அமுக்கினால் நாலு சக்கரமும் இழுக்கும், சிவப்பைப் பின்னால் இழுத்தால் லோ கியர். இதை நான் சின்ன வயதில் கேட்டதே இல்லை, என் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதுதான் எனக்கும் தெரிந்தது. இன்னொன்றும் சொல்கிறேன். முதல் லேண்ட் ரோவர் உலகத்துக்கு வந்தது 1948 ஏப்ரலில். அதே வருஷம் ஜூன் 16-ஆம் தேதி எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு, அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பள்ளிப் புத்தகத்தில் சுங்கை சிப்புட் பெயர் வருவது அதனால்தான். சரி, கல்லுக்கு வருவோம்.

சாதாரணக் காரில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இன்ஜின் பலம் எல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய் அது சும்மா சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் அசையாது. டிஃபரன்ஷியல் செய்கிற வேலை அது. வளைவில் திரும்ப உதவுகிற அதே பொருள் சேற்றிலும் கல்லிலும் காலை வாரிவிடும். இந்தக் குட்டி வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் இறுக்கிப் பூட்டப்பட்டவை. ஒரு சக்கரம் வானத்தைப் பார்த்தாலும் மற்ற மூன்றும் ஏறிக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு இதை விளக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "அப்ப இது என் வண்டிய விட நல்ல வண்டி" என்றார். நான் வருஷக்கணக்காக மெஷின் பார்க்கிறேன், மோட்டாரில் கம்பிச் சுற்று கூடினால் வேகம் குறைந்து இழுப்பு கூடும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன் (இதில் 87 சுற்று), யாரும் காதில் வாங்கவில்லை. தாத்தா சொன்ன ஒரே வரிதான் வீட்டில் சட்டம்: "கல்ல ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல விடாத, சக்கரத்த கல்லு மேலயே வை." நடுவில் விட்டால் அச்சில் தொங்கும் குடம் (டிஃபரன்ஷியல் இருக்கும் உருண்டைக் கூடு) கல்லில் மாட்டிக்கொள்ளும். பெரிய வண்டிக்கும் அதே, சின்ன வண்டிக்கும் அதே.

இப்போது பணக் கணக்கு, இதை மறைத்து எழுதினால் என் மனைவி ஆசிரியருக்குத் தனியாக ஒரு கடிதம் போடுவார். 380 வெள்ளியோடு இது நிற்கவில்லை. க்ராலருக்கு எடை கீழே இருக்க வேண்டும், மேலே இருந்தால் சரிவில் குப்புற விழும். அதற்காகப் பித்தளையில் சின்னச் சின்னப் பாகங்கள் விற்கிறார்கள், அச்சு நுனியில் மாட்டுவது, சக்கரத்துக்குள் போடுவது என்று. ஒவ்வொன்றும் 40, 60 வெள்ளி. இரவு பத்து மணிக்குப் படுத்தபடியே கைப்பேசியில் பார்த்து ஆர்டர் போடுவேன். மூன்றாவது பொட்டலம் வந்த அன்று மனைவி மளிகைக்கடைக் கடன் எழுதும் 555 புத்தகத்தில் புதுப் பக்கம் திறந்து, மேலே "பொம்மை" என்று எழுதி, தேதி போட்டுத் தொகை போட ஆரம்பித்தார். இந்தப் பித்தளையைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு குத்துவிளக்கு வந்திருக்கும் என்பது அவர் கட்சி. அந்தப் பக்கம் நிறைந்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது, அதன்பிறகு பித்தளை வாங்கவில்லை. மகள்தான் வழி கண்டுபிடித்தாள், தூண்டில் கடையில் விற்கும் ஈயக்குண்டை நசுக்கி டேப் சுற்றிச் சக்கரத்துக்குள் வைத்தாள், மூன்று வெள்ளிக்குள் முடிந்தது. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அது மட்டும் கண்டிப்பு.

பேட்டரி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம், இதில் ஆர்வம் வந்து யாராவது வாங்கப் போனால் இதை மட்டும் மறக்காதீர்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, இரண்டு செல், 7.4 வோல்ட். முழுக்க ஏறினால் செல்லுக்கு 4.2, அதற்கு மேல் போகக் கூடாது. வாரக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் 3.8-இல் வைக்க வேண்டும். நான் ஒன்றை முழுக்க ஏற்றிக் காருக்குள் போட்டுவிட்டுக் கடைத்தெருவில் மதியச் சாப்பாட்டுக்குப் போனேன், நம் ஊர் வெயிலில் கார் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்தபோது பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. தீப்பிடிக்கவில்லை, அது என் அதிர்ஷ்டம். இப்போது சார்ஜ் போடுவது சிமெண்டுத் தரையில், பழைய மண்சட்டிக்குள், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பொங்கல் வைத்த சட்டியா என்று அம்மா கேட்டார், இல்லை, மீன் குழம்புச் சட்டி.

அப்புறம் இரண்டாவது வண்டி வந்தது, இன்னும் சின்னது, 24-இல் ஒரு பங்கு. அதை மகளின் பிறந்தநாளுக்கு என்று சொல்லி வாங்கினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, 555-இல் மட்டும் எழுதிக்கொண்டார்.

இந்த வீட்டில் நன்றாக ஓட்டுவது அந்தப் பதின்மூன்று வயது மகள்தான். பையன் அவசரக்காரன், விசையை முழுக்க அமுக்குவான், வண்டி துள்ளும், மல்லாக்க விழும். அவள் கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, முன் சக்கரத்தை ஒரு விரல் அகலம் நகர்த்தி, நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, மறுபடி நகர்த்துவாள். போட்டிகளில் வைக்கும் கணக்கைச் சுருக்கி எங்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: சாத்தே குச்சி இரண்டை நட்டால் ஒரு வாசல், குச்சியில் இடித்தால் 10, பின்னால் வந்தால் 1, கடைசியில் யாருக்குக் குறைவோ அவருக்குத்தான் ஜெயம். தாத்தா நடுவர். தாத்தா பேத்திக்குச் சாதகம் செய்கிறார் என்று பையன் புகார் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

கைப்பேசி ஒழிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். ஒழியவில்லை. பையன் இப்போது கைப்பேசியில் க்ராலர் வீடியோ பார்க்கிறான், 1997-லிருந்து நம் நாட்டில் வேண்டுமென்றே மழைக்காலத்தில் காட்டுக்குள் நடத்துகிற ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் ஜீப் போட்டியைத் தேடித்தேடிப் பார்க்கிறான். ஆனால் ஸ்க்ரூ கழன்றால் தானே மாட்டுகிறான். பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதில் பல்சக்கரம் என்றால் என்ன என்று இனி யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டாம், இரண்டைத் தேய்த்து வீணாக்கிக் கற்றுக்கொண்டான்.

செம்பனைக் காடு இவ்வளவு இருக்கிறதே, அங்கே போய் ஓட்ட வேண்டியதுதானே என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். அது கம்பெனி நிலம், கேட்காமல் நுழைய முடியாது. வெட்டிப் போட்ட மட்டை அடுக்குக்கு அடியில் நாகம் படுத்திருக்கும், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் ஓட்டிப் பார்த்தோம், பாசி பிடித்த கல்லில் டயர் வழுக்கியது, மணல் அச்சுக்குள் போய் பேரிங் கரகரத்தது. திடல் மூலைதான் தோது, வெளிச்சம் உண்டு, தாத்தா உட்கார சிமெண்டு பெஞ்சு உண்டு. யாரோ வீடு இடித்தபோது மிஞ்சிய கல் சில, எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சில, எல்லாம் வேண்டாம் என்று கிடந்தவை, நாங்களே கூடையில் தூக்கிவந்து அடுக்கினோம். சுண்ணாம்புக்கல் சொரசொரப்பானது, ரப்பர் டயர் நன்றாகப் பிடிக்கும். எங்களைப் பார்த்து இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் வர ஆரம்பித்திருந்தார்கள், அதில் ஒரு மலாய்க் குடும்பம் சொந்தமாக வண்டியே வாங்கிவிட்டது.

பொறுப்பில் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் என் வேண்டுகோள் சின்னதுதான். பந்து விளையாடுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வேலி ஓரமாகப் பத்தடிக்குப் பத்தடி இடம் விடுங்கள். பணம் வேண்டாம், பலகை வேண்டாம், திறப்பு விழா வேண்டவே வேண்டாம். கல்லை நாங்களே கொண்டுவருகிறோம், புல் வெட்டுகிற நாளில் நாங்களே ஒதுக்கி வைக்கிறோம், பிள்ளைகள் தடுக்கி விழாமல் சுற்றிக் கயிறும் கட்டுகிறோம். வேறு ஊரில் இப்படி இடம் வாங்கியவர்கள் இருந்தால் எந்த அலுவலகத்தில் எப்படிக் கடிதம் கொடுத்தீர்கள் என்று இந்தப் பகுதியிலேயே எழுதுங்கள், நானும் போய்க் கேட்கிறேன்.

லோரி ஓட்டி வந்த தம்பிக்கும் ஒரு வார்த்தை. மற்றக் கல் போனால் போகட்டும். நடுவில் ஒன்று இருந்தது, எருமை முதுகு மாதிரி வளைந்து ஒரு பக்கம் பிளந்த சுண்ணாம்புக்கல். அதற்கு அப்பா "துரை பங்களா மேடு" என்று பெயர் வைத்திருந்தார். மகள் இன்னும் அதில் ஒரு தடவைகூட முழுசாக ஏறவில்லை. எங்கே கொட்டினீர்கள் என்று சொன்னால் போதும், நாங்களே போய்த் தூக்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
லேண்ட் ரோவர் டிரைவர் மகன்,
சுங்கை சிப்புட், பேராக்