மகளுக்கு, வியாழக்கிழமைக்கு முன்னால்

ஏட்டி,

உங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் உன்னை உறுப்பு தானக் கோஆர்டினேட்டராக, அதாவது மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிற வேலைக்கு, வரச் சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ பேசியதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். ட்யூட்டிக்கு நேரமாச்சு என்று நீ வைத்துவிட்டாய், நானும் சரி சரி என்று வைத்துவிட்டேன், சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும். பொறுமையாகப் படி.

"எனக்கு அதெல்லாம் வராதும்மா, வியாழக்கிழமை போய் முடியாதுன்னு சொல்லிடப் போறேன்" என்றாய். எது வராது என்று கேட்டதற்கு, எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணிப் படிப்பு படித்தவர்கள் பார்க்கிற வேலை, பெரிய பெரிய டாக்டர்களோடு இங்கிலீஷில் பேச வேண்டும், ஆறு வருஷமாக வார்டையும் ஐசியூவையும் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை என்று அடுக்கினாய். எல்லாம் நிஜம்தான். ஆனால் அந்த டாக்டர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு முந்தின வாரம் நடந்ததை நீ கணக்கிலேயே சேர்க்கவில்லை.

களக்காட்டுப் பக்கத்துப் பையன், பைக்கில் அடிபட்டு உங்கள் ஐசியூவில் கிடந்தானே, அந்த ராத்திரியைச் சொல்கிறேன். இதற்கென்று இருக்கிற கோஆர்டினேட்டர் லீவு. மூளைச்சாவு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, நெஞ்சு ஏறி இறங்குகிறதே, உடம்பு சுடுகிறதே, பிள்ளை இருக்கிறான்தானே என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்றாய். நீதான் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சை மெஷின்தான் விடுகிறது அத்தை, அவன் விடவில்லை என்று நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னாய். நாலு டாக்டர்கள் சேர்ந்து, ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு ரெண்டு தடவை சோதித்துப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்வார்கள் என்பதையும், அவர் எத்தனை தடவை கேட்டாரோ அத்தனை தடவையும் சொன்னாய். உறுப்பைக் கொடுங்கள் என்று நீ ஒரு வார்த்தை பேசவில்லை. விடிந்ததும், உறுப்பைக் கொடுக்கலாமா என்று அவர்களேதான் கேட்டார்கள். போகும்போது அந்த அம்மா உன் கையைப் பிடித்து "நீ எந்த ஊரு தாயி" என்று கேட்டதை என்னிடம் சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அதைப் பார்த்துத்தான் அந்த டாக்டர் கேட்டிருக்கிறார். உன் மார்க் ஷீட்டைப் பார்த்துக் கேட்கவில்லை.

என் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் முக்கூடலில் நான் பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சுற்றினால் ஆயிரம், அதுதான் ஒரு நாள் கணக்கு. கடையில் கணக்கு எழுதுகிறவர், பீடி சரியில்லை என்று கட்டுக் கட்டாகக் கழித்துப் போடுவார், மீதிக்கு பாஸ்புக்கில் என்ன எழுதினார் என்று எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. 1990களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற அறிவொளி இயக்கம் எங்கள் ஊருக்கு வந்தது. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தேன் என்று என்னைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள், சாயந்திரம்தானே என்று ஒத்துக்கொண்டேன். பதினோரு பேர் வந்தார்கள், எல்லாரும் மடியில் பீடி சுற்றுகிற சுளகோடு (முறத்தோடு). புத்தகத்தில் முதல் பாடம் வேறு ஏதோ இருந்தது, நான் அதை விட்டுவிட்டு பாஸ்புக்கில் வருகிற எண்களைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தேன். ஒரே மாசத்தில் ஒரு சித்தி கடையில் நின்று, நான் கொடுத்தது 38 கட்டு, நீங்க 35 எழுதியிருக்கீங்க என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருத்தரும் சீக்கிரம் தூங்கவில்லை.

அதைக் கேள்விப்பட்டு அறிவொளியிலிருந்து ஒரு அக்கா வீட்டுக்கே வந்தார். பாளையங்கோட்டைக்கு வா, மற்ற ஊர்களில் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு நீ பயிற்சி கொடு, முழு நேரமாக இரு என்றார். நான் வாசலில் நின்றபடியே, நான் வெறும் பத்தாவதுதான் அக்கா, எனக்கு வராது என்று சொல்லிவிட்டேன். உள்ளே வந்து உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, அவர் போய்விட்டார். பக்கத்து ஊரிலிருந்து இன்னொரு பிள்ளை போனாள், அவளும் பத்தாவதுதான். அவள் நன்றாக இருக்கட்டும், எனக்கு அதில் வருத்தம் இல்லை. யோசிக்கிறதற்கு ஒரு ராத்திரிகூட எடுத்துக்கொள்ளாமல் பயத்தையே பதிலாகச் சொல்லி அனுப்பினேன் பார், அதுதான் இத்தனை வருஷம் கழித்தும் வலிக்கிறது.

ரெண்டாவது தடவை, கல்யாணமாகி இங்கே வீரவநல்லூர்ப் பக்கம் வந்து, நீ இடுப்பில் இருந்த காலம். பால்வாடியில் ஆள் எடுக்கிறார்கள், எழுதிப் போடு என்று பஞ்சாயத்து ஆபீஸில் இருந்த அம்மாவே வந்து சொன்னார். எனக்கு வராது என்று ஆரம்பித்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த உன் ஆச்சி, "வந்து கேக்கறவளுக்குக் கண்ணு இல்லையா? ஒன்னப் பாத்துட்டுத்தானே கேக்கா" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எழுதிப் போட்டேன். முதல் நாள் பதினாலு பிள்ளைகளும் ஒன்றாக அழுதார்கள், நானும் அடுப்படியில் போய் அழுதேன். எடை போடுவது, ரெஜிஸ்டர் எழுதுவது, சத்துமாவு கொடுப்பது எல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டதுதான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல் வயலுக்குப் போய்விட்டார். நம்ம வயல் கன்னடியன் கால்வாயில் கடைமடை, முறைத்தண்ணி நமக்கு எப்போதும் பத்தாது. ஒரு வருஷம் நடுராத்திரியில் பக்கத்து வயல்காரர் வந்து, எனக்குப் போதும், நீ வேணும்னா திருப்பிக்கோ என்று கூப்பிட்டார். வரப்பு அங்கங்கே உடைந்து கிடந்தது, காலையில் சரி பண்ணிவிட்டுத் திருப்பலாம் என்றால் தண்ணி நிற்காது. அப்பா டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணி வர வரச் சேற்றை அள்ளி அள்ளி வரப்பை அடைத்தார். நீ விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷம் பிசான நெல் தப்பியது அதனால்தான்.

இதற்காக யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள் என்று சொல்லவில்லை. உன் மாமா திருப்பூரில் சூப்பர்வைசர் என்ற பேருக்காக ஒத்துக்கொண்டு, அதே சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டான். அவன் வேலையை அங்கே ஒருத்தரும் பார்த்ததில்லை, காலியிடத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதனால் நீ வாயைத் திறந்து கேள். சம்பளம் எவ்வளவு, ராத்திரி கூப்பிட்டால் மறுநாள் ஓய்வு உண்டா, ஆறு மாசம் பார்த்துவிட்டு ஒத்துவரவில்லை என்றால் திரும்ப வார்டுக்கே வரலாமா, முதல் சில குடும்பங்களிடம் பேசும்போது பழைய கோஆர்டினேட்டர் கூட இருப்பாரா. நர்ஸ் படித்தவர்களும் இந்த வேலைக்கு வரலாம் என்று சட்டத்திலேயே இருப்பதாக நீதானே சொன்னாய். சென்னையிலேயே மோகன் ஃபவுண்டேஷன் இதற்குப் பயிற்சி நடத்துகிறது, அதற்கு அனுப்புவார்களா என்றும் கேள். இங்கிலீஷ் பழகிவிடும், நீ சென்னைக்குப் போனபோது பஸ் நம்பர் கேட்கவே பயந்தவள்தானே.

2008ல் ஹிதேந்திரன் என்ற பையனின் உறுப்புகளை அவன் அப்பா அம்மா கொடுத்த செய்தி வந்தபோது நீ பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, அவங்ககிட்ட யாரும்மா போய்க் கேட்டிருப்பாங்க என்று கேட்டாய். அவர்கள் ரெண்டு பேருமே டாக்டர்கள், அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. களக்காட்டு அம்மாவுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. இப்போது உறுப்பு கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023ல் அறிவித்த பிறகு கிராமங்களிலும் இதைப் பற்றிப் பேச்சு வருகிறது, பால்வாடிக்கு வருகிற தாய்மார்கள் என்னிடமே கேட்கிறார்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உன்னைப் போல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பயமாக இருக்கும். சாவு வீட்டில் பேசுகிற வேலை, பயம் இல்லாதவள் அங்கே போய் நிற்கவும் கூடாது.

புதன்கிழமை ராத்திரி டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கு, சாப்பிடாமல் தூங்காதே. கருப்பட்டியும் நார்த்தங்காய் ஊறுகாயும் உன் அத்தை மகன் நெல்லை எக்ஸ்பிரஸில் கொண்டு வருகிறான், எழும்பூரில் போய் வாங்கிக்கொள். வியாழக்கிழமை பேசிவிட்டு எந்நேரமானாலும் போன் பண்ணு, நானும் அப்பாவும் முழித்துத்தான் இருப்போம்.

அம்மா