கடன் அவள் பேரில், கடை அண்ணன் பேரில்

ஆசிரியர் அவர்களுக்கு,

மகளிர் தினம் வந்தால் மலையகப் பெண் பிள்ளைகளைத் தொழில் தொடங்கச் சொல்லி, தலைமை ஏற்கச் சொல்லி மேடைக்கு மேடை பேசுகிறார்கள். உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்த பிள்ளைக்கு ஐந்தொகை போடத் தெரியும். பிரதேச செயலகத்துக்கு எதை எடுத்துக்கொண்டு போவதென்று தெரியாது.

தனியாள் வணிகத்தை அங்கேதான் பதிய வேண்டும். அடையாள அட்டையும் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும் சிரமமில்லை. தொழில் நடக்கும் இடத்துக்கான ஆவணம் கேட்கும்போதுதான் இழுபறி. தோட்டத்து லயன் வரிசை வீட்டுக்குக் காணி உறுதியும் இல்லை, வாடகை ஒப்பந்தமும் இல்லை. தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்துக்கு அலைய மனமில்லாமல், டவுனில் இடம் வைத்திருக்கும் அண்ணன் பேரில் பதிந்துவிடுகிறார்கள். வங்கியில் வணிகக் கணக்கும் அவர் பேருக்கே போகிறது. நுண்கடன் மட்டும் இவள் பேரில். நாளைக்கு அண்ணன் கடையை விற்றாலும் தவணை கட்ட வேண்டியவள் இவள்தான்.

கணவர் ஒப்பமிடாமல் எதுவும் செல்லாது என்ற பயமும் சிலருக்கு உண்டு. அது யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தில் காணி சம்பந்தப்பட்ட விஷயம். மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் பேரில் சொத்து வைத்திருக்கலாம், ஒப்பந்தமும் செய்யலாம்.

கடன் எடுக்குமுன் வட்டி நிலையானதா, குறைந்து செல்லும் மீதிக்கா என்று கேட்க வேண்டும். 1,00,000 ரூபாவுக்கு ஒரு வருடம் 24 வீத நிலையான வட்டி என்றால் மாதத் தவணை 10,333 ரூபா. வாங்கிய கடன் தொகையை மாதாமாதம் திருப்பிக் கட்டிக்கொண்டே முழுத்தொகைக்கும் வட்டி கொடுப்பதால், குறைந்து செல்லும் மீதியில் பார்த்தால் அது ஏறக்குறைய 42 வீதம். கிழமைத் தவணை இன்னும் ஆபத்து, ஏனென்றால் நம் சரக்கை எடுக்கும் கடைக்காரர் காசு தர ஒரு மாதம் எடுப்பார்.

விலை போடுவதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். மிளகாய்த்தூளையே எடுப்போம். 5 கிலோ செத்தல் மிளகாயைக் காம்பு கிள்ளி, காயவைத்து, அரைத்துச் சலித்தால் நாலரைக் கிலோ தூள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மிளகாய், மில் கூலி, பை, பஸ் காசு, தன் நாள் சம்பளம் எல்லாம் சேர்த்துச் செலவு 9,000 ரூபா. வாங்கிய எடையால் வகுத்தால் கிலோ 1,800. கிடைத்த எடையால் வகுத்தால் 2,000. முதல் கணக்கில் விலை போட்டால் கிலோவுக்கு 200 ரூபா தெரியாமலே கைவிட்டுப் போகும். பலர் தன் நாள் சம்பளத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அதைத்தான் இலாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மில்லிலிருந்து வந்த தூளைச் சூடு ஆறாமல் பொதி செய்தால் உள்ளே ஆவி படிந்து கட்டி தட்டும், பிறகு பூஞ்சணம். தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மழைக்காலத்தில் வெயிலை நம்பி இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது. பொதியில் தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், முகவரி இருக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலிலேயே கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது.

ஒருவரை வேலைக்கு வைத்தாலும் சேமலாப நிதி உண்டு: தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோடு நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். தோட்டச் சம்பளப் பதிவான அம்மாவின் செக்ரோலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தலைமை பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்சங்கச் சந்தாவில் பெரும்பகுதி கொழுந்து எடுக்கும் பெண்களின் சம்பளத்தில் கழிக்கப்படுவது. மேல்மட்டப் பதவிகளில் பெண்கள் அரிது. தோட்ட மாதர் சங்கங்களிலாவது ஆண்டுக் கூட்டத்தில் படித்த பிள்ளை ஒருத்தியைப் பொருளாளராக முன்மொழியலாம். தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதி, பிரதியை வங்கிக்குக் கொடுத்துக் கையொப்பத்தையும் மாற்றிவிட வேண்டும். பேரை மட்டும் மாற்றிவிட்டுக் காசோலைப் புத்தகத்தைப் பழையவரிடமே விட்டுவைக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம்.

கணக்காளர் ஒருவர்,
ஹட்டன்.